பொயிலருக்கு வெள்ளிப் பெயின்ற்

அருமைராசா வேலை முடிந்து வந்து பேஸ்மென்ற்றுக்குள் இறங்கியபோது, யோகராணி பொயிலருக்கு வெள்ளிப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம் முடிந்துவிட்டது. பக்கவாட்டில் பாதி பாக்கி. காலடியில் சவர்க்காரத் தண்ணீர் வாளியும், இடுக்குகளைத் தேய்க்க ஒரு பழைய பல்லு பிரஷும் இருந்தன.

"என்னப்பா செய்யிறாய்?"

"பாத்தாத் தெரியேல்லையே? நாளைக்கு ஆள் வருகுதெல்லே."

"அதுக்கு?"

"அதுக்குக் கறள் பிடிச்சபடி காட்டச் சொல்லுறியளோ? வெளியாள் வந்து பாத்தா எங்களைப் பற்றி என்ன நினைக்கும்?"

அருமைராசா ஜக்கெற்றைக்கூடக் கழற்றவில்லை. அந்த வீட்டுக்குள் அவர் அதைக் கழற்றுவதே அபூர்வம்.

"இஞ்சேர், வாற ஆள் பொம்பிளை பாக்க வரேல்லை. இந்தப் பொயிலர் உதவாதெண்டு எழுத வருகுது. உதவாதெண்டு எழுதினால்தான் அரசாங்கம் புதுசுக்குக் காசு தரும். பிச்சைக்குப் போறவன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டே போறவன்?"

"பிச்சைக்குப் போனாலும் குளிச்சிட்டுத்தான் போகவேணும்" என்று சொல்லிவிட்டு யோகராணி மறுபடி பெயின்றைத் தொட்டாள்.

அருமைராசாவின் கோபம் அன்றைக்குத் தொடங்கியதல்ல. வீடு வாங்கிய நாளிலிருந்தே அது எரிந்துகொண்டிருந்தது. மொன்றியலுக்குப் பக்கத்து டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இரண்டு இத்தாலியச் சகோதரர்கள் தங்களுக்கென்று ஒட்டிக் கட்டிய இரட்டை வீடு அது. நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் அருமைராசா, அந்தப் பக்கம் தியாகலிங்கம். இருவரும் ஒரே கோடையில் வாங்கிக் குடிவந்தவர்கள். அருமைராசாவின் பேஸ்மென்ற்றில் யானைக்குட்டி அளவில், வீட்டைச் சூடாக்கும் ஓர் எண்ணெய்ப் பொயிலர் உட்கார்ந்திருந்தது. துறைமுகத்துப் பண்டகசாலையில் அவர் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டி உழைத்ததில் ஒரு நல்ல பங்கு அதன் வாய்க்குள்தான் போனது. அவ்வளவையும் குடித்துவிட்டு அது வீட்டுக்குத் தந்தது, ஆறிப்போன பிளேன்ரீயின் சூடு.

தியாகலிங்கம் வீட்டிலோ தை மாதத்திலும் வெறுங்காலோடு நடக்கலாம். நிலமே இளஞ்சூடாக இருக்கும். சுவரோரத்து மின்சார ஹீற்றர்களின் சுவிச்சில் கைவைத்ததே இல்லை என்று அவர் கோயிலில் சொல்லுவார், கலியாண வீட்டில் சொல்லுவார், செத்த வீட்டிலும் சொல்லுவார். அவர் ஓய்வுபெற்றவர், சொல்லுவதற்கு நேரம் நிறைய இருந்தது.

"நான் குடிபுகேக்க ஐயரைக் கூப்பிட்டு முறையாக் கணபதி ஓமம் செய்தனான் காணும். அக்கினி பகவான் வந்து இந்த வீட்டில குடியிருந்திட்டார். நீர் என்ன செய்தனீர்? பாலைக் காய்ச்சி, அதில ரீயைப் போட்டுக் குடிச்சிட்டு வேலைக்குப் போனீர்."

அது உண்மைதான். அன்று அருமைராசாவுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. ஓமப் புகைக்கு அலாம் அடிக்கும் என்றும் ஒரு சாட்டு வைத்திருந்தார். யோகராணி அதை ஒவ்வொரு மாரிக் குளிரிலும் ஞாபகப்படுத்தினாள். மற்றவர்கள் வீட்டில் மனுசன் மனுசி சண்டை பிடிப்பது காசுக்காக, பிள்ளைகளுக்காக. இந்த வீட்டில் செய்யாமல் விட்ட ஓமத்துக்காக.

போன மாரி முழுவதும் அவள் முழங்கால் வலியோடு சுடுதண்ணிப் போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்தாள். இந்த முறை முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"முதல் சினோ விழமுன்னம் இந்த வீடு சூடாக வேணும். இல்லாட்டி நான் ரொறன்ரோவுக்குச் சாருஜாவிட்டப் போறன். திரும்பி வாறதைப் பற்றிப் பேந்து யோசிப்பம்."

மகள் சாருஜாவும் போனில் "வாங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டாள். சூட்கேஸ் ஹோலுக்கு வந்து நின்றது. அருமைராசா கோபக்காரர்தான், ஆனால் அவள் இல்லாத வீட்டில் ஒரு மாரியைக் கழிப்பதை நினைக்க அவருக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. கோபப்படுவதற்கும் எதிரில் ஓர் ஆள் வேண்டும் அல்லவா?

அதனால்தான் இந்த மானியத்துக்கு எழுதிப் போட்டார். பழைய பொயிலரைக் கழற்றிவிட்டு, மின்சாரத்தில் ஓடும் ஹீற் பம்ப் பூட்டுவோருக்கு அரசாங்கம் உதவுகிறதாம். முதலில் ஓர் ஆள் வந்து வீட்டை அளந்து பார்க்கவேண்டும்.

மறுநாள் அந்த ஆள் வந்தது. மிரேய் என்ற இளம் பெண். வாசல் கதவைத் திறந்து, அந்த இடத்தில் ஒரு பெரிய காற்றாடியைப் பூட்டினாள். அது வீட்டுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும். எந்த ஓட்டையால் குளிர் உள்ளே வருகிறது என்று அப்போது தெரிந்துவிடும்.

ஓட்டை இருந்தால்தானே? யோகராணி முதல்நாளே யன்னல் இடுக்கெல்லாம் ரேப் ஒட்டி, கதவுக்குக் கீழே பழைய சேலைகளைத் திணித்திருந்தாள். வருகிற பிள்ளைக்குக் குளிர்காற்றுப் பட்டுத் தடிமன் பிடித்தால் யாருக்கு வெட்கம்? காற்றாடி மூச்சுமுட்டச் சுற்றியது. ஒரு திரைச்சீலை கூட அசையவில்லை.

பேஸ்மென்ற்றில் பொயிலர் மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றது. நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டும் இருந்தது.

"மூசியே, இந்த வயதில் இவ்வளவு அழகாகப் பராமரித்த பொயிலரை நான் பார்த்ததே இல்லை" என்றாள் மிரேய் பிரெஞ்சில்.

அருமைராசா மனைவியைப் பார்த்தார். யோகராணி பூரித்துப்போய் றோல்ஸ் தட்டை நீட்டினாள்.

மிரேய் ஒரு றோல்ஸைக் கடித்தபடி எண்ணெய் வாங்கிய கணக்கைப் பார்த்தாள். மெல்லுவது மெதுவாக நின்றது. இவ்வளவு இறுக்கமான வீட்டுக்கு, இவ்வளவு நல்ல பொயிலருக்கு, இவ்வளவு எண்ணெயா? அவள் அருமைராசாவைப் பார்த்தாள். பூட்டியிருந்த அறைக் கதவைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"மன்னிக்கவேண்டும். வீட்டுக்குள் ஏதாவது... வளர்க்கிறீர்களா?"

அருமைராசா வாயைத் திறக்க முன்னர் யோகராணி முந்திக்கொண்டாள். கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் சமைத்துப் பழகிய பிரெஞ்சு அவளுடையது. "வளர்க்கிறேனே! அந்த அறைக்குள்தான். வெளிச்சம் போட்டு, சூடு காட்டி வைத்திருக்கிறேன். இந்த வட்டாரத்துக்கே நான்தான் கொடுக்கிறேன். கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம்தான் வாங்குவார்கள்."

மிரேயின் கை போனைத் தேடிப் போனது.

"கஞ்சா இல்லை, கறிவேப்பிலை!" என்று அருமைராசா கத்தினார். பிரெஞ்சில் அதற்கு என்ன பெயர் என்று தெரியாமல் ஓடிப்போய் அறையைத் திறந்து, ஒரு கொத்தைப் பிடுங்கி வந்து அந்தப் பெண்ணின் மூக்குக்கு நேரே பிடித்தார். "சூப்! சூப்புக்குப் போடுறது!"

மிரேய் மணந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். இன்னொரு றோல்ஸும் சாப்பிட்டாள். போகும்போது "மெர்சி" என்றாள். ஒரு கிழமையில் பதில் வந்தது. வீடு நல்ல வீடு. பொயிலர் நல்ல பொயிலர். எண்ணெய்ச் செலவுக்கு மட்டும் காரணம் விளங்கவில்லை; விளங்கும் வரைக்கும் மானியம் இல்லை.

அருமைராசா வெடித்தார்.

"காரணம் தெரியாட்டிக் காசில்லையாம்! காரணம் தெரிஞ்சா நான் ஏன் இவையிட்டப் போறன்? நான் என்ன, எண்ணெயை எடுத்துத் தலைக்கு வைச்சு முழுகிறனோ?"

"ஓமம் செய்திருந்தா..."

"ஓமத்தைப் பற்றிக் கதைச்சியெண்டால் எனக்கு விசர் வரும்!"

ஆத்திரத்தில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஆத்திரத்தில் வருகிற யோசனைகளை அவர் ஒருநாளும் ஆறப்போட்டதில்லை. மறுபரிசோதனைக்கு எழுதிக் கேட்டார். அது கிடைத்ததும் வீட்டில் ஒட்டியிருந்த ரேப் முழுவதையும் உரித்தார். சேலைகளை இழுத்தெறிந்தார். அதுவும் போதாதென்று யன்னல் ஓரங்களிலிருந்த பழைய ரப்பர்களையும் பிடுங்கினார். பேஸ்மென்ற் யன்னல் இரண்டையும் ஆவென்று திறந்துவிட்டார். வீடு இப்போது பண்டகசாலையைவிடக் குளிர்ந்தது.

"உங்களுக்கென்ன, மூளை கழண்டு போச்சே?" என்று யோகராணி போர்வைக்குள்ளிருந்து கேட்டாள்.

"பொறு. இப்ப வந்து அளக்கட்டும் பாப்பம். காத்தாடி தேவையில்லை, அந்தப் பிள்ளையே பறந்து போகும்."

பொயிலருக்கு இந்தத் திட்டத்தை யாரும் விளங்கப்படுத்தவில்லை. திறந்த யன்னலால் வந்த குளிரைப் பார்த்துப் பயந்து அது இரவு பகலாக எரிந்தது. வெள்ளிப் பெயின்ற் கொப்புளம் போட்டு உரிந்தது. இரண்டாம் நாள் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பிறகு சத்தமே வரவில்லை.

அருமைராசாவுக்குக் கவலையைவிடச் சந்தோசம்தான். செத்த பொயிலரை யார் நல்ல பொயிலர் என்று எழுதப்போகிறார்கள்? உடனே மானியக் கந்தோருக்குப் போன் எடுத்தார். மறுமுனையில் பேசியவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். இந்தத் திட்டம் வேலை செய்கிற எண்ணெய்ப் பொயிலரை மாற்றுவதற்குத்தான். செத்ததை எப்படியும் மாற்றத்தானே வேண்டும், அதற்கு எதற்கு மானியம் என்றார். நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனை வைத்தார்.

"கேட்டியே கதையை!" அருமைராசாவின் குரல் வீட்டின் எல்லா ஓட்டையாலும் வெளியே போனது. "செத்த பிணத்தை எரிக்கமாட்டினமாம்! உயிரோட கொண்டுவரட்டாம், பேந்து எரிப்பினமாம்! இது ஒரு நாடு, இது ஒரு சட்டம்! ஓடுறதைக் கழட்டக் காசு, ஓடாததைக் கழட்டக் காசில்லை! அறுவார்!"

யோகராணி எழுந்து போய் அலுமாரியிலிருந்து தன் சுவெற்றர்களை எடுத்து வந்து சூட்கேஸுக்குள் அடுக்கத் தொடங்கினாள். அவள் பேசியிருந்தால் அவருக்கு இவ்வளவு பயம் வந்திராது.

"கொஞ்சம் பொறப்பா. கிறகரியைக் கூப்பிடுறன்."

கிறகரி பொயிலர், பைப், கூரை, எது பழுதென்றாலும் செய்து தருகிற ஆள். மொன்றியலில் பாதித் தமிழர் வீடுகள் அவனுடைய கையால்தான் ஒழுகாமல் நின்றன. ஆனால் கூப்பிட்டவுடன் வரமாட்டான். அவன் வரும்வரைக்கும் இரண்டு நாள் இருவரும் தொப்பி போட்டுக்கொண்டு படுத்தார்கள்.

அந்த இரண்டு நாளில் ஒருநாள் பின்னேரம் தியாகலிங்கம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார். ஓமக்காரர் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"எனக்குக் குளிர்காய்ச்சல் போல காணும். மனுசி ஜெயனிக்கும் அப்படித்தான். ஏதோ வைரஸ். பனடோலும் கேக்குதில்லை. பிள்ளை, கொத்தமல்லி கிடக்கே?"

யோகராணி இரக்கப்பட்டு, வேர்க்கொம்பு தட்டிப் போட்டு மல்லித் தண்ணி அவித்துக் கொடுத்தாள். அவர் குடித்தார். குடித்துக்கொண்டே அருமைராசாவின் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"எண்டாலும் காணும், யன்னலைத் திறந்து வைச்சுக்கொண்டு குளிருதெண்டு சொல்லுறது உம்மைப் போலை ஆக்கள்தான்."

அருமைராசா பல்லைக் கடித்துக்கொண்டார். நோயாளியோடு சண்டை பிடிக்கக் கூடாது.

கிறகரி வந்தான். பொயிலரைத் திறந்து பார்த்தான். தலையில் கைவைத்தான்.

"அண்ணை, இதைக் குப்பையிலை போடுங்கோ. திருத்துறது வீண் செலவு."

"குப்பையிலை போடத்தான் திருத்தச் சொல்லுறன்!"

கிறகரி அவரைப் பார்த்தான், யோகராணியைப் பார்த்தான். யோகராணி சூட்கேஸைப் பார்த்தாள். அவன் யாரோ கழற்றிய இன்னொரு பழைய பொயிலரிலிருந்து பம்பு ஒன்றைக் கொண்டுவந்து பூட்டினான். பொயிலர் சிங்கம் போல் உறுமிக்கொண்டு எழும்பியது. அருமைராசா அதன் உரிந்த பெயின்றில் கையை வைத்து, "ஆயுசைப் பிடிச்சுக்கொண்டிரு ராசா, ஆள் வந்து பாக்குமட்டும் செத்துப்போகாதை" என்றார்.

மறுநாள் தியாகலிங்கத்தின் காய்ச்சல் இறங்கிவிட்டது. மல்லித் தண்ணியின் குணம் என்று ஜெயனி வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

மிரேய் இரண்டாம் முறை வந்தபோது காற்றாடியைப் பூட்டியதுதான் தாமதம், மேசையிலிருந்த கலண்டர் தாள்கள் பறந்தன, சாமிப்பட விளக்கு அணைந்தது. பொயிலர் தோல் உரிந்து பயங்கரமாக நின்றது. அவள் முகம் தெளிந்தது.

"இப்போதுதான் விளங்குகிறது, மூசியே. இவ்வளவு ஓட்டை இருந்தால் இவ்வளவு எண்ணெய் போகத்தான் செய்யும். போன முறை என்னுடைய கருவியில்தான் பிழை போல."

அருமைராசா பணிவாகத் தலையாட்டினார். ஒரு கிழமையில் மானியம் சரிவந்தது. தான் பிடுங்கிய ரப்பரை எல்லாம் தானே திரும்ப ஒட்ட அவருக்கு அதைவிடக் கூடுதல் நாள் பிடித்தது.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை கிறகரி தன் ஆட்களோடு வந்தான். பொயிலரை வெட்டிக் கழற்றி, நிலத்தாலும் சுவராலும் வந்த பைப்புகளை எல்லாம் மூடி அடைத்தான். முற்றத்தில் ஒரு பெட்டி, சுவர்களில் நீளமான வெள்ளைப் பெட்டிகள். அவை கிசுகிசுத்துக்கொண்டு சூடான காற்றை ஊதின. பொயிலர் லொறியில் ஏறியபோது அருமைராசா வாசலில் நின்று, "போ, மூதேவி. குடியைக் கெடுத்த சனியன்" என்று வழியனுப்பினார்.

வெள்ளிக்கிழமை முதல் சினோ விழுந்தது. யோகராணி சுவெற்றர் இல்லாமல், காலில் சொக்ஸ் இல்லாமல் குசினிக்குள் நின்று தோசை சுட்டாள். சூட்கேஸ் திரும்பவும் கட்டிலுக்குக் கீழே போனது.

"ஓமம் செய்யாமலே சூடாகிட்டுதே" என்றார் அருமைராசா.

"ஓம், ஓம். பெரிய கெட்டிக்காரன்தான்" என்று அவள் தோசையைத் தட்டில் போட்டாள். பல வருசங்களுக்குப் பிறகு அவள் தன்னைப் பார்த்துச் சிரித்ததாக அவருக்குப் பட்டது. அவருக்குக் கண் கலங்கியது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தார்.

சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டு வாசலில் ஐயரின் கார் வந்து நின்றது. செங்கல், விறகு, நெய் ரின், எல்லாம் உள்ளே போயின. அருமைராசா இவ்வளவு காலமும் காத்திருந்த நாள் இதுதான். தன் வீட்டுச் சூட்டை நாலு பேர் முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு யோகராணியோடு போனார்.

உள்ளே காலை வைத்ததும் திடுக்கிட்டார். நிலம் பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்தது. வந்திருந்தவர்கள் பட்டுச் சேலைக்கு மேல் ஜக்கெற் போட்டிருந்தார்கள். தியாகலிங்கம் வேட்டிக்குள் தடித்த காற்சட்டையும் கழுத்தில் மஃப்ளருமாக ஓமகுண்டத்துக்கு முன்னால் குந்தியிருந்தார். அருமைராசாவைக் கண்டதும் அவர் முகம் சிவந்தது.

"வாரும், வாரும். உம்மாலதான் இந்த ஓமம்!"

"நான் என்ன செய்தனான்?"

"என்ன செய்தனீரோ? நாவூறு காணும், கண்ணூறு! ஒவ்வொரு மாரியும் வந்து என்ர நிலத்தைக் காலால தடவித் தடவிப் பாத்து எரிஞ்சனீர். உம்மட வீடு வியாழக்கிழமை சூடாகினது, அண்டு பின்னேரமே என்ர வீட்டை விட்டு அக்கினி பகவான் எழும்பிப் போட்டார், சுவர் ஹீற்றரும் போட்டா எரியுதில்லை!"

அருமைராசாவுக்கு ஏறியதே ஒரு கோபம், அது இவ்வளவு வருசத்து எண்ணெய்க்கும் சேர்த்து ஏறியது.

"அண்ணை, வாயை அளந்து கதையுங்கோ! எண்ணெய்க்கு உழைச்சு உழைச்சு நாரி முறிஞ்சது எனக்கு! விறைச்சு விறைச்சு முழங்கால் போனது என்ர மனுசிக்கு! நீங்கள் ஒரு சதம் குடுக்காமல் வெறுங்காலோட நடந்துபோட்டு, எனக்கு ஓமத்தைப் பற்றிப் பாடம் எடுத்தனீங்கள்! இப்ப பழியும் என்ர தலையிலயோ? என்ர வீட்டில இருந்துகொண்டு நான் உங்களிட்ட என்னத்தை எடுத்தனான்?"

"தயவு செய்து கொஞ்சம் சத்தம் போடாமல்... மந்திரம் பிசகுது" என்றார் ஐயர்.

ஜெயனி நடுவில் வந்தாள். "கோவிக்காதேங்கோ அண்ணை. அவர் ஐயரைக் கூப்பிட்டவர். நான் கிறகரியைக் கூப்பிட்டனான். அவன் கீழ நிலத்தைத் தட்டிப் பாக்கிறான்."

அவள் சொல்லி வாய் மூட முன்னர் பேஸ்மென்ற் படிகளில் காலடி கேட்டது. கிறகரி கையில் ரோச் லைற்றோடு மேலே வந்தான். புகைக்குள் நின்று இரண்டு வீட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு சங்கடம் இருந்தது.

"தியாகலிங்கண்ணை, ஓமத்தை நிப்பாட்டுங்கோ; உங்கட நிலத்துக்குக் கீழ ஓடுற சுடுதண்ணிப் பைப்பெல்லாம் சுவருக்குள்ளால நான் வியாழக்கிழமை கழட்டின பொயிலருக்குத்தான் போகுது, இவ்வளவு வருசமும் அருமைராசா அண்ணையின்ர எண்ணெயிலதான் நீங்கள் வெறுங்காலோட நடந்திருக்கிறியள்."